தேவாலா தங்க ஆலை இடிபாடுகள்

தேவாலா தங்க ஆலை இடிபாடுகள் என்பவை நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயத் தங்கக் கம்பெனிகள் விட்டுச்சென்ற சுரங்க, ஆலை எச்சங்கள் ஆகும். செங்குத்துக் குழிகள், மலைச்சரிவில் கிடையாக வெட்டப்பட்ட குடைவுகள், கல்லை இடித்துத் தங்கம் பிரிக்க நிறுவப்பட்ட ஆலைகளின் தடயங்கள், கழிவு மேடுகள் ஆகியவை இவற்றில் அடங்கும். இவற்றில் பெரும்பாலானவை 1879 முதல் 1882 வரை நிலவிய குறுகிய காலத் தங்க மோகத்தில் உருவானவை.

இந்தப் பகுதியில் தங்கம் இருந்தது உண்மை. ஆனால் எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று தெரியுமுன்பே ஆலைகள் வாங்கப்பட்டன. சில ஆண்டுகளில் கம்பெனிகள் கலைந்தன. அவை தோண்டிய குழிகள் மூடப்படாமல் கிடந்தன. கல்லுக்குள் எஞ்சியிருக்கும் சிறிதளவு தங்கத்தைத் தேடி அந்தக் குழிகளுக்குள் இறங்குவோர் இன்றும் உண்டு. இறங்கி உயிரிழந்தவர்களும் உண்டு. எனவே இந்த இடிபாடுகள் வரலாற்றுச் சின்னமாக மட்டுமின்றி, உயிர்ப் பாதுகாப்புச் சிக்கலாகவும் கருதத்தக்கவை.

அமைவிடம்

தேவாலாவும் பந்தலூரும் கூடலூருக்கு மேற்கே, நாடுகாணியைத் தாண்டி, கேரள எல்லையை ஒட்டி அமைந்துள்ளன. நிலவியல்படி இது நீலகிரியின் உயர்ந்த பீடபூமியைச் சேர்ந்ததன்று. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள வயநாட்டு மேட்டுநிலத்தின் தென்கிழக்குப் பகுதி இது. நிருவாகத்தில் மலபார் மாவட்டத்தோடு இருந்த தென்கிழக்கு வயநாடு 1877-இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது.

தென்மேற்குப் பருவமழையின்போது தமிழ்நாட்டில் அதிக மழை பதிவாகும் இடங்களின் பட்டியலில் தேவாலாவின் பெயர் அடிக்கடி முதல் வரிசையில் இடம்பெறும். இங்குள்ள ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழா வழியாக மேற்கே இறங்கி, நிலம்பூர் அருகே சாலியாற்றில் கலந்து அரபிக்கடலை அடைகின்றன. வடகிழக்கே முதுமலைக் காடுகள் உள்ளன. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் சூழலில், யானைகள் நடமாடும் நிலப்பகுதியில் இந்த எச்சங்கள் கிடக்கின்றன.

கம்பெனிகளுக்கு முந்தைய தங்கம்

வயநாட்டின் பழமையான பாறைகளுக்கு இடையே வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) படிவங்கள் சுவர்போல ஓடுகின்றன. தங்கம் இந்த வெள்ளைக்கல்லில் நுண்துகள்களாகச் சிதறியிருக்கிறது. மழையாலும் வெயிலாலும் கல் சிதையும்போது துகள்கள் விடுபட்டு ஓடைகளில் சேரும். ஆற்று மணலை மரத்தட்டில் இட்டு நீரில் அலசினால், இலேசான மணல் வெளியேறி, எடை மிகுந்த தங்கத்துகள் அடியில் தங்கும். சாலியாற்றுப் படுகையில் இந்த அலசும் தொழில் நெடுங்காலம் நடந்துவந்தது.

மலையின்மேல் வெங்கச்சங்கல்லைத் தோண்டி எடுத்த பழைய வேலைப்பாடுகளும் இருந்தன. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே உள்ளூர் மக்கள் வெட்டிய குழிகளும் குடைவுகளும் 19-ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்களை வியக்கவைத்தன. இந்த உழைப்பில் பெரும்பங்கு பணியர், குரும்பர் முதலிய பழங்குடியினருடையது. நிலம் நிலம்பூர் கோவிலகம் போன்ற ஜன்மிகளின் உடைமையாக இருந்ததால், கிடைத்த தங்கத்தின் பலன் உழைத்தவர்களிடம் தங்கவில்லை. பணியர் அக்காலத்தில் நிலத்தோடு கட்டுண்ட அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர்.

1830-களில் சென்னை அரசு ஓர் இராணுவ அதிகாரியை அனுப்பி இப்பகுதியின் தங்கத்தை ஆராய்ந்தது. அரசு முதலிடும் அளவுக்கு இலாபம் வராது என்ற முடிவோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது.

தங்க மோகம்

1860-களில் ஆஸ்திரேலியத் தங்கவயல்களின் அனுபவம் உள்ளவர்கள் வயநாட்டுக்கு வந்தனர். 1874-இல் ஆல்பா தங்கக் கம்பெனி தொடங்கப்பட்டு, தேவாலா அருகே ஸ்கல் ரீப் எனப்பட்ட படிவத்தில் வேலை செய்தது. 1875-இல் இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் வில்லியம் கிங் வயநாட்டுத் தங்கவயல் பற்றிய முதற்கட்ட அறிக்கையை வெளியிட்டார்.

1879-இல் இந்திய அரசு ராபர்ட் பிரௌ ஸ்மித் என்பவரை வரவழைத்தது. அவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையின் செயலாளராக இருந்தவர். அந்த மாநிலத்தின் தங்கவயல்களைப் பற்றி 1869-இல் பெரிய நூல் எழுதியவர். அவருடைய அறிக்கை 1880-இல் வந்தது. அதில் இருந்த நம்பிக்கையான சொற்கள் லண்டன் பங்குச்சந்தையில் தீப்போலப் பரவின. முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் 40 லட்சம் பவுனுக்கும் மேற்பட்ட பெயரளவு மூலதனத்துடன் பதிவாயின. இந்தியன் கிளென்ராக், இந்தியன் பீனிக்ஸ், தேவாலா மோயாறு, ரோட்ஸ் ரீப் ஆகியவை அவற்றில் சில. பந்தலூர் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கிளென்ராக் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

இந்த மோகத்துக்கு இன்னொரு காரணம் காப்பி. 1869-இல் இலங்கையில் தென்பட்ட காப்பி இலைத்துரு நோய் தென்னிந்தியாவுக்கும் பரவியது. தண்டு துளைப்பான் பூச்சியும் சேர்ந்துகொண்டது. வயநாட்டுக் காப்பித் தோட்டங்கள் பல நட்டத்தில் ஓடின. விற்க வழியில்லாமல் இருந்த தோட்டக்காரர்களுக்குத் தங்கம் பெரிய வாய்ப்பாக அமைந்தது. காப்பிக்கு உதவாத நிலம் தங்கவயல் என்ற பெயரில் பன்மடங்கு விலைக்குக் கைமாறியது. கம்பெனி திரட்டிய பணத்தில் பெரும்பகுதி நிலத்தை விற்றவருக்கும் கம்பெனியைத் தொடங்கிவைத்த தரகருக்கும் சென்றது. சுரங்கம் வெட்ட எஞ்சியது சிறுபகுதியே.

சில வீடுகளே இருந்த பந்தலூர் திடீரென்று நகரக்களை பெற்றது. தபால், தந்தி அலுவலகங்கள், ஓட்டல், கடைகள் வந்தன. கனமான இயந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் மலபார்க் கரைக்கு வந்து, நிலம்பூர் வழியாகக் கார்க்கூர் மலைப்பாதையில் மேலேற்றப்பட்டன. காட்டுச்சரிவில் மாடுகளும் கூலிகளும் இழுத்துச்சென்ற அந்த இரும்பு, ஆலையாக நின்றபோது அதற்கு அரைக்கப் போதுமான தங்கக்கல் இருக்கிறதா என்பது பல இடங்களில் யாருக்கும் தெரியாது.

ஆலை இயங்கிய முறை

தேவாலாவில் நிறுவப்பட்டவை ஸ்டாம்ப் மில் எனப்படும் இடி ஆலைகள். உரலும் உலக்கையும் இயங்கும் தத்துவமே இதிலும் உள்ளது. மனிதக் கைக்குப் பதிலாக நீராவியோ நீர்ச்சக்கரமோ உலக்கையைத் தூக்கும் என்பதே வேறுபாடு.

ஒவ்வோர் இரும்பு உலக்கையும் சுமார் 300 முதல் 450 கிலோ எடை கொண்டது. சுழலும் தண்டில் பொருத்தப்பட்ட வளைந்த பற்கள் உலக்கையை ஒரு சாண் அளவுக்குத் தூக்கி விட்டுவிடும். நிமிடத்துக்கு 80 முதல் 100 முறை அது விழும். வழக்கமாக ஐந்து உலக்கைகள் ஒரே இரும்புத் தொட்டியில் வரிசையாக இடிக்கும். தொட்டிக்குள் நீர் ஓடிக்கொண்டிருக்கும். கல் மாவாக நொறுங்கியதும் நீரோடு சேர்ந்து சல்லடை வழியே வெளியேறும்.

வெளியேறும் குழம்பு, பாதரசம் பூசிய சாய்வான செப்புத் தகட்டின்மேல் ஓடும். தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும், கல்மாவு ஓடிப்போகும். ஒட்டிய கலவையைச் சுரண்டி எடுத்து, மெல்லிய தோலிலோ துணியிலோ பிழிந்தால் மிகுதிப் பாதரசம் வெளிவரும். எஞ்சிய கட்டியை மூடிய உலையில் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிக் குழாய் வழியே குளிர்ந்து திரும்பும். உலையின் அடியில் தங்கம் நிற்கும்.

இந்த முறையில் ஒரு நாளில் ஓர் உலக்கை ஒன்றரை முதல் இரண்டு டன் கல்லை இடிக்கும். இருபது உலக்கை கொண்ட ஆலைக்கு நாள்தோறும் 30 முதல் 40 டன் கல் தேவை. அவ்வளவு கல்லைத் தோண்டி, சுமந்து, ஆலைக்குக் கொண்டுவர நூற்றுக்கணக்கானோர் உழைக்க வேண்டும். விறகும் நீரும் பாதரசமும் தனிச் செலவு. கல்லில் தங்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் செலவு மாறாது.

ஆலைகள் தோற்றதன் காரணங்கள்

முதல் காரணம் கல்லின் தரம். நன்றாக வேலை செய்த இடங்களிலும் ஒரு டன் கல்லுக்குக் கிடைத்தது சில கிராம் தங்கமே. இந்த அளவைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் சரிகை உதவும். அசல் சரிகை என்பது வெள்ளி இழைக்குத் தங்கமுலாம் பூசியது. அதன் எடையில் தங்கம் சுமார் அரை சதவீதம். அதாவது ஒரு கிலோ சரிகையில் சுமார் 5 கிராம் தங்கம் இருக்கும். தேவாலாவில் அதே 5 கிராமுக்கு ஒரு டன் பாறையை உடைத்து மாவாக்க வேண்டியிருந்தது. 8 கிராம் கொண்ட ஒரு பவுன் நகைக்கு ஒன்றரை டன்னுக்குமேல் கல் தேவை.

இரண்டாவது காரணம் படிவத்தின் இயல்பு. தரைமட்டத்துக்கு அருகில் உள்ள வெங்கச்சங்கல்லில் மழைநீரும் காற்றும் பல்லாயிரம் ஆண்டுகளாக வேலை செய்திருக்கின்றன. தங்கத்தைச் சுற்றியிருந்த கந்தகக் கனிமங்கள் கரைந்துபோய், தங்கம் மட்டும் தனித்துகளாக நின்றிருக்கும். இப்படிப்பட்ட மேற்பரப்புக் கல்லைச் சோதித்தால் தரம் உயர்வாகத் தெரியும். பாதரசமும் அதை எளிதில் பிடிக்கும். ஆழம் போகப்போகத் தங்கம் பைரைட் போன்ற கந்தகக் கனிமத்துக்குள் சிக்கியிருக்கும். அதைப் பாதரசத் தகடு பிடிக்காது, கழிவோடு ஓடிவிடும். மேற்பரப்புக் கல்லை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டவர்கள் இங்கே ஏமாந்தனர்.

மூன்றாவது காரணம் வேலையின் வரிசை. முறையான சுரங்கத்தில் முதலில் படிவத்தைத் தொடர்ந்து குடைந்து பார்ப்பார்கள். பல இடங்களில் மாதிரி எடுத்து, எவ்வளவு கல், என்ன தரம் என்று கணக்கிட்ட பிறகே ஆலைக்குப் பணம் கட்டுவார்கள். தேவாலாவில் பல கம்பெனிகள் இதைத் தலைகீழாகச் செய்தன. ஆலை வந்துவிட்டது என்ற செய்தி லண்டனில் பங்கின் விலையை ஏற்றும். குடைவு இன்னும் இருபது அடி முன்னேறியது என்ற செய்தி ஏற்றாது. பங்கு வாங்கியவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். ஆலையின் படத்தைப் பார்த்து நம்பியவர்களுக்குக் கல்லைப் பார்க்க வாய்ப்பில்லை.

மலேரியாக் காய்ச்சலும் பெருமழையும் வேலையாட்களின் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டன. 1880-களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலான கம்பெனிகள் ஓய்ந்தன. 1887-இல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற சயனைடு முறை, பாதரசத்துக்குப் பிடிபடாத தங்கத்தையும் பிரிக்க வழிகாட்டியது. புதிய முறையால் வயநாடு மீளுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்காக ஹேட்ச், ஹேடன் ஆகியோர் ஆராய்ந்து 1901-இல் வெளியிட்ட வயநாட்டுத் தங்கவயல் ஆய்வு சாதகமாக இல்லை. அத்துடன் பெருமுதலீட்டு முயற்சிகள் நின்றன. காப்பியும் தங்கமும் கைவிட்ட நிலத்தில் தேயிலை பரவியது.

கோலாருடன் ஒப்பீடு

இதே காலத்தில், இதே லண்டன் பணத்தில் தொடங்கியதுதான் கோலார் தங்கவயல். அங்கும் 1802-இல் ஜான் வாரன் என்ற அதிகாரி, ஊரார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பதிவு செய்திருந்தார். 1870-களில் லவெல் என்ற முன்னாள் படைவீரர் சுரங்க உரிமை பெற்றார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நிருவாகத்தை ஏற்றது.

கோலாரும் முதலில் தோற்கும் நிலையில்தான் இருந்தது. மூலதனம் ஏறக்குறையத் தீர்ந்தபோது, எஞ்சிய பணத்தைப் பழங்கால மக்கள் தோண்டிய குழிகளுக்குக் கீழே இறங்கிப் பார்ப்பதில் செலவிட்டனர். பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் அந்தப் பழைய குழிகளின் அடியில் வளமான சாம்பியன் படிவத்தைக் கண்டார். முன்னோர் ஓரிடத்தில் ஆழமாகத் தோண்டியிருந்தால் அங்கே தோண்டக் காரணம் இருந்திருக்கும் என்ற எளிய தருக்கம் கோலாரைக் காப்பாற்றியது. அதே தருக்கம் வயநாட்டில் பலிக்கவில்லை. அங்கும் முன்னோர் தோண்டியிருந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்ததற்குக் கீழே ஆலைக்குப் போதுமான தங்கம் இல்லை.

கோலாரில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை சுரங்கம் இறங்கியது. 1902-இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பே அதன் அடித்தளம். அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் அங்குள்ள மாரிக்குப்பத்தில் வேரூன்றியதற்கும் இந்தக் குடியேற்றமே காரணம். 2001 பிப்ரவரி 28-இல் அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் எனப்படும் கழிவுக்குன்றுகள் இன்றும் நகரைச் சூழ்ந்து நிற்கின்றன.

வென்ற கோலாரும் தோற்ற தேவாலாவும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகின்றன. தங்கம் வெளியே சென்றது. கழிவும் குழியும் ஊரில் நின்றன.

மழைநிலமும் பாலைநிலமும்

கைவிடப்பட்ட ஆலை எவ்வளவு காலம் நிற்கும் என்பது பெரும்பாலும் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஜோசுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் உள்ள வால் ஸ்ட்ரீட் ஆலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது இரண்டு உலக்கை மட்டும் கொண்ட சிறிய இடி ஆலை. 1891-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டறை ஒன்றில் செய்யப்பட்டது. முதலில் வேறோர் இடத்தில் இயங்கிய அதை 1930-களில் பில் கீஸ் என்ற பண்ணைக்காரர் தற்போதைய இடத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றுவட்டாரச் சிறு சுரங்கக்காரர்கள் கொண்டுவரும் கல்லைக் கூலிக்கு அரைத்துக் கொடுத்தார். நம் ஊர் மாவு மில்லைப்போல, வருகிற கல்லுக்கேற்ப ஓடிய ஆலை அது. அதனால் பெருமுதலீடும் இல்லை, பெருவீழ்ச்சியும் இல்லை.

அந்த ஆலைக்கும் ஒரு கசப்பான கதை உண்டு. ஆலைக்குச் செல்லும் பாதை குறித்த தகராறில், 1943 மே 11 அன்று வொர்த் பேக்லி என்ற அண்டை நிலக்காரரை கீஸ் சுட்டுக்கொன்றார். தற்காப்புக்காகச் சுட்டதாக அவர் சொன்னார். ஆனாலும் சிறைத்தண்டனை பெற்றார். துப்பறியும் கதை எழுத்தாளர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் அவருக்காக வாதாடி எழுதினார். 1956-இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.

மழை மிகக் குறைந்த அந்தப் பாலையில் மரச்சட்டமும் இரும்பும் தகரக்கூரையும் பல்லாண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. 1975-இல் ஆலை தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பூங்காவுக்குள் இருப்பதால் ஓர் ஆணியைக்கூட எடுத்துச்செல்லத் தடை உள்ளது. நடைபாதை வழியே மக்கள் சென்று பார்க்கின்றனர்.

தேவாலாவில் நிலைமை நேர்மாறு. மரம் சில பருவமழைகளில் மக்கிவிடும். இரும்பு துருவேறும், துருவேறாதது பழைய இரும்பாக விலைபோகும். சுவர்மேல் செடி முளைத்துக் கல்லைப் பிளக்கும். ஆகவே இங்கே ஆலை மறைந்து குழி எஞ்சியிருக்கிறது. பாலையில் பார்வைக்குக் கிடைப்பது இயந்திரம். காட்டில் காலுக்குத் தட்டுப்படுவது புதர் மூடிய வாய்.

இன்றைய ஆபத்து

தேவாலா, பந்தலூர் பகுதியின் இன்றைய மக்களில் பழங்குடியினரும் மலையாளிகளும் தோட்டத் தொழிலாளர்களும் உள்ளனர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் கணிசமாகக் குடியமர்ந்தனர். அவர்களுக்கு வேலை தரும் நோக்கில் உருவானதே அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள். தோட்ட வருமானம் போதாத குடும்பங்களிலிருந்து சிலர் பழைய குழிகளுக்குள் இறங்கித் தங்கக்கல் தேடுகின்றனர். உரிமமின்றிக் கனிமம் எடுப்பது சட்டப்படி குற்றம் என்பதால் இது பெரும்பாலும் மறைவாக நடக்கிறது. மறைவாக நடப்பதாலேயே விபத்து நேர்ந்தால் உதவி வரத் தாமதமாகிறது.

பழைய குழிக்குள் இறப்பு மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, காற்று. காற்றோட்டமில்லாத குழியில் பைரைட் கனிமமும் மக்கும் மரமும் உயிர்வாயுவை மெல்ல உறிஞ்சிவிடும். காற்றைவிடக் கனமான கரியமில வாயு அடியில் தேங்கும். பாழ்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் இதற்காகவே வந்தது. ஆனால் விளக்கு அணையாமல் எரிவது ஒன்றே பாதுகாப்புக்குச் சான்றாகாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் அங்கேயே விழுவது இத்தகைய விபத்துகளின் வாடிக்கை.

இரண்டாவது, மண்சரிவு. நூறாண்டுக்கு முன் முட்டுக்கொடுத்த மரங்கள் மக்கிப்போயின. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில் மேல்மண் நீரை உறிஞ்சிக் கனக்கும். குடைவின் கூரை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இறங்கும்.

மூன்றாவது, தவறி விழுதல். தங்கம் தேடாதவர்களும் இதற்குத் தப்புவதில்லை. விறகு, தேன் சேகரிக்கச் செல்வோருக்கும் மேய்ச்சல் மாடுகளுக்கும் காட்டுவிலங்குகளுக்கும் மூடப்படாத குழி பொறியாகிறது.

எடுத்த கல்லிலிருந்து தங்கம் பிரிக்கும் இடத்தில் அடுத்த ஆபத்து தொடங்குகிறது. பழைய ஆலையின் அதே பாதரச முறையைச் சிறிய அளவில் கையால் செய்யும்போது, மூடிய உலைக்குப் பதில் திறந்த அடுப்பில் கலவையைச் சூடாக்குவார்கள். ஆவியாகும் பாதரசத்துக்கு நிறமும் மணமும் இல்லை. மூச்சோடு உள்ளே சென்று நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வீட்டில் காய்ச்சினால் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அதே காற்றைச் சுவாசிப்பார்கள். ஓடையில் கலந்த பாதரசம் நீர்வாழ் நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய வடிவமாக மாறி மீன்களில் சேரும். இந்த ஓடைகள் சாலியாற்றுக்குச் செல்பவை என்பதால், கீழேயுள்ளவர்களுக்கும் இது பொருட்டே. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. சிறு அளவிலான தங்க எடுப்பு அந்த உடன்படிக்கையின் முக்கிய அக்கறைகளில் ஒன்று.

பொறுப்பும் பாதுகாப்பும்

இன்றைய சுரங்க விதிகளின்படி, சுரங்கத்தைக் கைவிடுபவர் அதன் வாய்களை வேலியிட்டோ மூடியோ பாதுகாப்பாக்க வேண்டும். தேவாலாக் கம்பெனிகள் அத்தகைய விதிகள் வருமுன்பே கலைந்துபோயின. கேட்பதற்கு உரிமையாளர் இல்லை. நில உரிமையும் சிக்கலானது. கூடலூர் ஜன்ம நிலங்களை ஒழித்து இரயத்துவாரியாக மாற்றும் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் எழுந்த வழக்குகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. காடு, தோட்டம், குடியிருப்பு என நிலத்தின் வகை மாறும்போது பொறுப்பேற்கும் துறையும் மாறுகிறது.

குழிகளைப் பாதுகாப்பாக்குவதில் பல நாடுகளில் நடைமுறையில் உள்ள வழிகள் உண்டு. முதல் படி, எல்லா வாய்களையும் அடையாளம் கண்டு வரைபடமாக்குவது. காட்டை நன்கறிந்த உள்ளூர்ப் பழங்குடியினரின் துணை இதற்கு இன்றியமையாதது. அடுத்து, செங்குத்துக் குழிகளைக் கல்லும் மண்ணும் இட்டு நிரப்புவது அல்லது காங்கிரீட் மூடியிடுவது. கிடைக் குடைவுகளுக்கு இரும்புக் கம்பிக்கதவு பொருத்தமானது. வௌவால்கள் சென்றுவர முடியும். மனிதர் நுழைய முடியாது. வால் ஸ்ட்ரீட் ஆலை உள்ள ஜோசுவா ட்ரீ பூங்காவிலும் பழைய சுரங்க வாய்கள் பல கம்பிவலையாலும் கதவாலும் அடைக்கப்பட்டுள்ளன. ஆலையைப் பார்க்க அழைப்பதும் குழியை அடைப்பதும் அங்கே ஒரே பணியின் இரு பகுதிகள்.

வரலாற்றுப் பாதுகாப்புக்கும் இடமுண்டு. தொல்லியல் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டம் நூறாண்டு கடந்த எச்சங்களைப் பாதுகாக்க வழிசெய்கிறது. 1880-களின் ஆலை எச்சங்கள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. தமிழகத்தின் தொழில் வரலாற்றில் கோயிலும் கோட்டையும் பெற்ற கவனத்தைச் சுரங்கமும் ஆலையும் பெறவில்லை. தேவாலாவில் பழங்குடியினரின் பழைய குடைவுகளும் ஆங்கிலேயரின் ஆலைத் தடயங்களும் அருகருகே இருப்பதால், இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்தால் மட்டுமே வரலாறு முழுமை பெறும்.

குழியை மூடினால் மட்டும் இறங்குபவர்கள் நின்றுவிடுவார்கள் என்பதற்கு உறுதியில்லை. 1880-இல் கம்பெனிகள் கணக்கிடத் தவறிய அதே கணக்கு இன்று இறங்குபவர்களுக்கும் பொருந்தும். ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கம் என்பது அப்போது ஆலைக்குக் கட்டுப்படியாகவில்லை. தங்கத்தின் விலை பலமடங்கு ஏறியிருப்பதாலும், உழைப்புக்கும் உயிருக்கும் கணக்கு எழுதப்படாததாலும் மட்டுமே அது இன்று சிலருக்குக் கட்டுப்படியாவதுபோலத் தோன்றுகிறது. ஆகவே தோட்டப்பகுதியில் ஆண்டு முழுவதும் வேலையும் நியாயமான கூலியும் கிடைப்பது, குழிவாயில் வைக்கும் எந்த மூடியையும்விட உறுதியான பாதுகாப்பாக அமையும்.